கலியாணம் எந்தத் திகதியில்?

ஸ்காபரோவில் கொஞ்சம் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த, வேலையால் ஓய்வுபெற்ற ஒருவன் இருந்தால் போதும். கலியாண வீடோ செத்த வீடோ, யாராவது ஒருவர் அவனை மூலைக்குக் கூட்டிக்கொண்டுபோய் "அண்ணை, ஒரு சின்ன விசயம்" என்று தொடங்கிவிடுவார். சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசி வரும், அல்லது போனில் ஒரு படிவம். இப்படிச் சின்ன விசயமாக வந்தது எதுவும் சின்னதாக முடிந்ததில்லை. இப்போது என் தலையில் ஏறியிருப்பது அக்காவின் மகனுடைய கலியாணத் திகதி.

கலியாணத் திகதிகூடத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். இரண்டு திகதி தெரியும். வில்லங்கமே அதுதான்.

யாழ்ப்பாணத்தில் எழுத்து வேறு, தாலிகட்டு வேறு. இரண்டையும் ஒரே நாளில் வைப்பவர்களும் உண்டு. ஆனால் மாப்பிள்ளை வெளிநாடு என்றால் லீவு கிடைத்த நேரத்தில் எழுத்தை முடித்துவிட்டு, நாள் நட்சத்திரம் பார்த்துத் தாலியைப் பிறகு கட்டுவதுதான் வழமை. எங்கள் பெடியனும் அப்படித்தான். கார்த்திகையில் அவசரமாகப் போனான். விவாகப் பதிவாளர் வீட்டுக்கே வந்தார். விறாந்தையில் மேசை போட்டு, குத்துவிளக்கு வைத்து, இரண்டு சாட்சிகள் கையெழுத்து வைத்து, கேக் வெட்டி முடிந்தது. பிள்ளை அன்றிரவும் தாய் வீட்டில்தான் படுத்தாள். தாலி ஏறாமல் அனுப்ப யார் சம்மதிப்பார்? அடுத்த வருசம் ஆவணியில் மண்டபம் எடுத்து, மேளம் பிடித்து, நானூறு பேருக்குச் சோறு போட்டுக் கலியாணம் நடந்தது. எப்போது கலியாணம் என்று கேட்டால் மாப்பிள்ளையின் தாய் ஆவணி என்பாள். ஐயர் ஆவணி என்பார். அல்பத்திலும் ஆவணிதான். சட்டத்துக்கு மட்டும் கார்த்திகை. இலங்கையில் 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதிவாளர் புத்தகத்தில் ஏறிய நாள்தான் சான்றிதழில் வரும். ஐயரின் பஞ்சாங்கத்தை அது கேட்பதில்லை.

ஸ்பொன்சர் வேலையை என்னிடம் தரவில்லை. தந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை வந்திராது. 'எல்லாம் தெரிந்த' ஒருவர் பிளாசா மாடியில் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, பெடியன் அங்கே போனான். காசைக் கையில் வாங்குகிறவர். ரசீது கிடையாது. விண்ணப்பத்தில் பிரதிநிதி என்று தன் பெயரைப் போடவும் மாட்டார். காசு வாங்கிக்கொண்டு இந்த வேலை செய்ய லோயராகவோ உரிமம் பெற்ற ஆலோசகராகவோ இருக்கவேண்டும், அல்லது சட்டம் அனுமதிக்கும் வேறு உரிமம் இருக்கவேண்டும். மாடிக்காரர் இதில் எதுவும் இல்லை. அவருடைய மேசையில் விவாகச் சான்றிதழின் மொழிபெயர்ப்பும் கிடந்திருக்கிறது, உறவுக்கு ஆதாரமாகக் கொடுத்த கலியாண அழைப்பிதழும் கிடந்திருக்கிறது. மனிசன் மினுங்குகிறதைப் பார்த்தார். பொன் எழுத்தில் அச்சடித்த அழைப்பிதழ்த் திகதியை எடுத்துப் படிவத்தில் போட்டார். ஸ்பொன்சர் செய்பவரின் 1344, மனைவியின் 0008, உறவு பற்றிய 5532, மூன்றிலும் ஆவணி.

ஆக, ஒரே பைலில் படிவம் ஆவணி என்கிறது. அதோடு இணைத்த சான்றிதழ் கார்த்திகை என்கிறது. பொய் சொல்ல வெளிக்கிட்டவன் தன் பொய்யை உடைக்கிற சாட்சியைத் தானே ஸ்கான் பண்ணி அனுப்புவானா? இந்த ஒரு கேள்வியை யாராவது ஒரு மனிதரிடம் கேட்க முடிந்தால் விசயம் அன்றைக்கே முடிந்திருக்கும். கேட்க ஆள் இல்லை.

அனுப்பியபிறகுதான் பெடியன் பிரதியைப் பொறுமையாக வாசித்தான். வாசித்த கையோடு எனக்குப் போன். "மாமா, திகதி மாறிப்போச்சு. இப்ப என்ன செய்யிறது?" உள்ளே போய்த் திருத்தவேண்டியதுதானே என்று பார்த்தால், இணையத்தில் ஒருமுறை சமர்ப்பித்துவிட்டால் படிவம் பூட்டிக்கொள்ளும். அனுப்பும் முன்பு அது படுத்துகிற பாடு கொஞ்சமில்லை. ஒரு பெட்டியை வெறுமையாக விட்டால் சிவப்புக் கோடு. பத்து வருசச் சரித்திரத்தில் ஒரு மாதம் விடுபட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்; வேலையில்லாமல் இருந்தாலும் 'வேலையில்லை' என்று எழுதவேண்டும். இவ்வளவு கறாரான படிவத்துக்கு, பிழையான திகதியை எழுதினால் மட்டும் ஒரு முணுமுணுப்பும் இல்லை. இடைவெளியைக் கண்டுபிடிக்கத் தெரிந்த அதற்குப் பிழையைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

அடுத்தது சொந்தக்காரரின் ஆலோசனை. இதைச் சொல்லாமல் விட்டால் என் வயிற்றெரிச்சல் அடங்காது. "சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்காதையுங்கோ. அவங்கள் கவனிக்க மாட்டாங்கள்" என்றார் ஒருவர். தன் தம்பியின் பைலில் இதைவிடப் பெரிய பிழை இருந்தது, விசா வந்துவிட்டது, வாயைத் திறக்காதே என்றார் இன்னொருவர். மூன்றாமவர் இன்னும் மேலே போய், ஊரில் ஆளைப் பிடித்துச் சான்றிதழின் திகதியை மாற்றிவிடலாமே என்றார். உள்ள உண்மையைப் போலியாக்கி, விட்ட பிழையை உண்மையாக்கச் சொல்கிறார்! இத்தனைக்கும் மனிசன் கோயில் தர்மகர்த்தா சபையில் இருக்கிறார். இந்தப் புத்திமதிகள் எல்லாம் கெட்ட எண்ணத்தில் வந்தவை என்று சொல்லமாட்டேன். காரியாலயம் என்றாலே வாயை மூடிக்கொள் என்று வாழ்ந்து பழகிய சனம். சோதனைச் சாவடியில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி உயிர் தப்பியவர்களிடம், கேட்காததையும் நீயாகப் போய்ச் சொல் என்றால் எப்படி ஏறும்?

ஆனால் கனடாச் சட்டத்தை வாசித்தால் வாயை மூடச் சொன்னவர்களின் வாயும் அடைத்துவிடும். குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவைத்தான் சொல்கிறேன். முக்கியமான ஓர் உண்மையை நேராகவோ சுற்றிவளைத்தோ திரித்துச் சொன்னாலும், சொல்லாமல் விட்டாலும், அதனால் சட்டத்தை நடத்துவதில் பிழை நேரக்கூடும் என்றாலே போதும், 5 வருசம் உள்ளே வரமுடியாது. அந்த 5 வருசத்துக்குள் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. முன்பு இது 2 வருசமாக இருந்தது. 2014 நவம்பரில் 5 ஆக்கினார்கள். பிழை உண்மையில் நடந்திருக்கவேண்டும் என்றுகூட இல்லை, நடக்கக்கூடும் என்றாலே போதும். அலுவலர் முடிவெடுக்கும் முன்பே கண்டுபிடித்துவிட்டார், ஆகவே யாருக்கும் நட்டமில்லை என்று வாதாடினாலும் எடுபடாது. நீ வேண்டுமென்று செய்தாயா என்று இந்தப் பிரிவு கேட்பதில்லை. அதே சட்டத்தில், தெரிந்துகொண்டே பொய் சொன்னவரைக் குற்றவாளியாக்கும் பிரிவு வேறு இருக்கிறது, 127. குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு மனதைத் தோண்டிப் பார்க்கவேண்டும். புருசன் பெண்சாதியை 5 வருசம் பிரித்துவைக்க அது தேவையில்லை!

நேர்மையாக விட்ட பிழைக்கு மன்னிப்பே இல்லையா என்றால், நீதிமன்றங்கள் ஒரு சின்ன வாசலைத் திறந்துவைத்திருக்கின்றன. அதன் கதை 1990இல் தீர்ப்பான மெடெல் வழக்கு. அதுவும் புருசன் ஸ்பொன்சர் செய்த பெண் ஒருவரின் கதைதான். விசா கைக்கு வந்தபிறகு புருசன் ஸ்பொன்சரை விலக்கிக்கொண்டார். தூதரகம் அதை அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. விசாவில் பிழை இருக்கிறது, திருத்தவேண்டும், திருப்பி அனுப்பு என்றது. அவர் ஆங்கிலம் தெரிந்த உறவினரிடம் விசாவைக் காட்டினார். அவர்கள் பார்த்துவிட்டுப் பிழை ஒன்றுமில்லை என்றார்கள். அவர் அந்த விசாவோடேயே கனடாவுக்கு வந்து இறங்கினார். மறைத்ததாக வழக்கு. மறைக்க எதுவும் இருப்பது அவருக்குத் தெரியாது, அப்படி நம்பியதிலும் நியாயம் இருக்கிறது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. யோசித்துப் பாருங்கள், அந்தக் கதையில் உண்மையை மூடிவைத்தவர் யார்? உறவினரிடம் கடதாசியைக் காட்டி "இதில் பிழை கிடக்கோ" என்று கேட்டதே ஒருவரைக் காப்பாற்றியது என்று வாசித்தபோது, மூலைக்குக் கூட்டிப் போகிற எங்கள் சனத்தின் மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது. ஆனால் அந்த வாசலைப் பின்வந்த தீர்ப்புகள் ஒடுக்கிக்கொண்டே வந்துவிட்டன. உனக்குத் தெரியாமல் இருந்தது மட்டும் போதாது, தெரிந்துகொள்ள உன்னால் முடியாமலும் இருந்திருக்கவேண்டும். சொந்தக் கலியாணத் திகதி எனக்குத் தெரியாது என்று யார் போய்ச் சொல்வது? காசு வாங்கி நிரப்பியவர் விட்ட பிழை என்றாலும், கையெழுத்து வைத்தவன் நீ, வாசித்திருக்கவேண்டியவன் நீ என்றுதான் பதில் வரும்.

அதனால் எழுதித் திருத்துவது என்று முடிவாயிற்று. ஒரு லோயரிடமும் கேட்டோம். "அவர்கள் கேட்கும் முன்பு நீங்களாகச் சொன்னால் ஒரு மரியாதை, கேட்டபிறகு சொன்னால் அது பிடிபட்டவன் பேச்சு" என்றார். கேட்டுக் கடிதம் வந்தால் பதிலுக்குத் தவணை போட்டிருப்பார்கள். அதற்குள் ஊரிலிருந்து கடதாசி எடுப்பித்து, மொழிபெயர்த்து, அனுப்பி முடிக்கவேண்டும். கேட்கும் முன்பே சொல்வதற்கோ ஒழுங்கான இடம் இல்லை. எல்லா விசயத்துக்கும் ஒரே இணையப் படிவம்தான். விலாசம் மாறினாலும் அதே, பிள்ளை பிறந்தாலும் அதே, கலியாணத் திகதி பிழைத்தாலும் அதே. விளக்கக் கடிதம் ஒன்று, திருத்திய பக்கங்களில் புதிய கையெழுத்து, ஊரில் எழுத்தும் தாலிகட்டும் எப்படி வேறுவேறு நாளில் நடக்கும் என்று ஒரு சத்தியக் கடதாசி, எல்லாவற்றையும் சுருக்கி இணைத்து அனுப்பினோம். கிடைத்தது என்று ஒரு மின்னஞ்சல் உடனே வந்தது. அது இயந்திரம் அனுப்புவது. அதன்பிறகு ஒரு சத்தமும் இல்லை. பைலில் சேர்ந்ததா, யாராவது வாசித்தார்களா, ஏற்றார்களா, ஒன்றும் தெரியாது. அறிய ஆசையிருந்தால் 5 டொலர் கட்டி, தகவல் பெறும் சட்டத்தின் கீழ் பைல் குறிப்புகளைக் கேட்கலாம். அதுவும் கனடாக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவர், அல்லது கனடாவில் இருக்கிறவர்தான் கேட்கவேண்டும், மனைவியின் சம்மதக் கையெழுத்தோடு. தான் கொடுத்த கடிதம் வந்து சேர்ந்ததா என்று அறிய ஒரு மனிசன் தகவல் பெறும் சட்டத்தை எடுக்கவேண்டியிருக்கிறது.

இதில் ஒரு பகிடியும் நடந்தது. கார்த்திகையில் எழுத்து என்றால் அந்த வருசம் டிசம்பர் 31இல் பெடியன் சட்டப்படி கலியாணமானவன். ஆனால் வருமான வரிப் பத்திரத்தில் 'தனியாள்' என்று போட்டிருக்கிறான். தாலி கட்டாதவன் வேறு எப்படிப் போடுவான்? அந்த வரிக் கணிப்பு அறிவித்தல்தான் ஸ்பொன்சர் பைலிலும் இருக்கிறது. ஆக வரியையும் திருத்தவேண்டும். பயந்து பயந்து போனால், அங்கே பிழை திருத்துவதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. கணக்குக்குள் போய், வருசத்தைத் தெரிந்து, வரியைத் தெரிந்து, பழையதை அழித்துப் புதியதை எழுதலாம். குடும்பநிலை மாற்றத்துக்குத் தனிப் படிவமே உண்டு, ஆர்சி 65. பத்து வருசம் பின்னோக்கிப் போயும் திருத்த விடுகிறார்கள். மனிசர் பிழை விடுவார்கள் என்று எதிர்பார்த்துக் கட்டிய வீடு அது. காசு விசயத்தில் இவ்வளவு பெருந்தன்மை காட்டத் தெரிந்த நாட்டுக்கு மனிசி விசயத்தில் ஏன் கை வருவதில்லை?

ஒரு பிழையைத் திருத்த உட்கார்ந்தால் மற்றப் பக்கங்களையும் வாசிக்கத்தானே வேண்டும். வாசித்ததில் பிள்ளையின் பின்னணிப் படிவம் வந்தது. எப்போதாவது தடுத்துவைக்கப்பட்டீர்களா, சிறையில் இருந்தீர்களா என்று ஒரு கேள்வி. பத்து வருசக் கணக்கில்லை இது, வாழ்நாள் முழுவதும். மாடிக்காரர் 'இல்லை' என்று குறியிட்டிருந்தார். வட்ஸ்அப்பில் பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, மெனிக் பாமில இருந்தது மறியல் கணக்கோ?"

அவள் கிளிநொச்சிப் பிள்ளை. 2009இல் வன்னியிலிருந்து வந்த லட்சக்கணக்கான சனத்தோடு செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் முள்வேலிக்குள் இருந்தவள், பள்ளிக்கூட வயதில். வெளியே போய்வர விட்டது அந்த வருசம் டிசம்பரில்தான். வழக்கு இல்லை, குற்றச்சாட்டு இல்லை, தீர்ப்பு இல்லை. ஆனால் வாசலில் துவக்கோடு ஆள் நின்றான், வெளியே போக முடியாது. 'இல்லை' என்று குறியிட்டால் பொய்யா? 'ஆம்' என்று குறியிட்டால், விபரம் எழுதத் தந்திருக்கிற ஒரு விரல் அகலப் பெட்டியில் என்னத்தை எழுதுவது? நலன்புரி நிலையம் என்று அரசாங்கம் பெயர் வைத்த இடத்தைச் சிறை என்று எழுதினால் அது மிகையா? "நான் பொய் சொல்லேல்லைத்தானே மாமா?" என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். பதினைந்து வயதுப் பிள்ளையை அடைத்துவைத்தவர்கள் எந்தப் படிவத்திலும் எதற்கும் பதில் எழுதவில்லை. அடைபட்டவள் இருந்து, தான் பொய்க்காரியா என்று யோசிக்கிறாள். லோயரின் யோசனைப்படி விளக்கக் கடிதத்தில் அதற்கும் ஒரு பந்தி சேர்த்தோம். எந்தப் பெட்டியிலும் அடங்காததெல்லாம் கடிதத்தில்தான்.

மறுத்தால் என்ன செய்வது என்று அக்கா தினமும் கேட்கிறாள். பொய்த்தகவல் என்று மறுத்தால் மற்ற உறவுகளுக்கு மேன்முறையீடே இல்லை. வாழ்க்கைத் துணைக்கும் பிள்ளைக்கும் மட்டும் சட்டம் அந்த உரிமையை விட்டுவைத்திருக்கிறது. 30 நாளுக்குள் போடவேண்டும். இதைச் சொன்னால் அக்கா ஆறுதல் அடைவாள் என்று நினைத்தேன். "அப்ப மறுப்பாங்கள் எண்டே சொல்லுறாய்?" என்று அழத் தொடங்கிவிட்டாள்.

எங்கள் பைலில் திகதி மாறியதால் பெரிதாக எதுவும் கவிழாது என்றே நம்புகிறேன். பெடியன் சிறு வயதிலேயே தாய் தகப்பனோடு வந்து குடியுரிமை எடுத்தவன். ஆனால் இதே எழுத்தும் தாலியும் வேறொருவர் வாழ்க்கையில் எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. எழுத்து முடிந்து தாலி கட்ட முன்பு ஒருவன் நிரந்தர வதிவிடம் பெற்று இங்கே வந்து இறங்குகிறான் என்று வையுங்கள். கலியாணமாகிவிட்டதா என்று கேட்கிறார்கள். ஊர் மனதோடு 'இல்லை' என்கிறான். முடிந்தது கதை. அப்போது காட்டாத மனைவியைப் பிறகு குடும்ப வகுப்பில் கூப்பிட முடியாது என்பது விதிமுறை 117(9)(d). இதற்கு 5 வருசக் கணக்குக்கூட இல்லை. 2019 செப்டெம்பரில்தான் ஒரு விலக்குக் கொண்டுவந்தார்கள், அதுவும் அகதியாக வந்தவர்களுக்கும், தாங்களே துணையாகவோ பிள்ளையாகவோ ஸ்பொன்சரில் வந்தவர்களுக்கும் மட்டும். படிப்பையும் வேலையையும் காட்டிப் புள்ளிக் கணக்கில் வந்தவனுக்கு அது பொருந்தாது. ஒரு விறாந்தை, ஒரு குத்துவிளக்கு, இரண்டு சாட்சி. அன்றைக்குக் கேக் வெட்டியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நான் கேட்பது பெரிய உதவி ஒன்றுமில்லை. 'நான் அனுப்பியதில் ஒரு பிழை இருக்கிறது, இதோ சரியானது' என்று சொல்ல ஒரு தனி இடம். சொன்னது கிடைத்தது, பைலில் சேர்த்துவிட்டோம் என்று மனிதக் கை பட்ட ஒரு வரிப் பதில். இந்த இரண்டும் இருந்தால் சங்கை ஊதாதே என்று சொல்ல வருகிறவர்களிடம் நானும் நாலு வார்த்தை கதைப்பேன். இப்போது அவர்கள் சிரிக்கிறார்கள். "என்ன அண்ணை, எழுதினியளே, பதில் வந்ததோ?"

போன கிழமை மச்சான் போன் எடுத்தார். இளையவளுக்கும் பொருந்திவிட்டதாம், மாப்பிள்ளை ஊரில். தையில் எழுத்து, வைகாசியில் தாலி. ஏன் இரண்டு நாள், பதிவாளரை மண்டபத்துக்கே கூப்பிட்டு ஒரே நாளில் முடியுங்கள் என்றேன். "நல்ல கதை. தையில எழுதினால்தானே மாசியில ஸ்பொன்சர் போடலாம். வைகாசி மட்டும் இருக்கச் சொல்லுறியளோ?" என்றார். அவர் சொல்வதிலும் பிழையில்லை. போமை நான்தான் நிரப்பவேண்டுமாம்.